சைக்கிளுக்கு அடியில் படுத்த தொரை

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஓர் அழுக்குச் சட்டையும் வந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வந்த வருஷம் அது. புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் அப்பா கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கப்பலேறும் முன் தன் நாயை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் தன் சட்டை ஒன்றையும் கழற்றிக் கொடுத்து, இதைத் துவைத்துவிடாதே, இந்த வாசனை இருந்தால்தான் அது புது இடத்தில் சாப்பிடும் என்று சொல்லியிருக்கிறார்.

"வெள்ளைக்காரன் வேர்வைய வீட்டுக்குள்ள வெச்சுக் கும்பிடணுமாக்கும்" என்றாள் அம்மா.

"அது மூக்காலதான் உலகத்தப் பாக்குது. கொஞ்ச நாளைக்குக் கெடந்துட்டுப் போவட்டும்" என்றார் அப்பா.

முயலை மோப்பம் பிடித்துத் துரத்துகிற ஜாதி, பீகிள். தொங்கு காது, குட்டைக் கால், எப்போதும் யாரோ ஏமாற்றிவிட்டது போன்ற பார்வை. ஒரு மாதம் அந்தச் சட்டைமேலேயே படுத்துக் கிடந்தது. பிறகு ஒரு நாள் தானாக எழுந்து வந்து அப்பாவின் நாற்காலிக்கு அடியில் படுத்தது. அன்றைக்கே அம்மா சட்டையைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள்.

துரை போனார், தொரை வந்தார் என்று சொல்லி அப்பா அதற்குத் 'தொரை' என்றே பெயர் வைத்தார். கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் எங்கள் பலகை வீடு. வேலை விட்டு வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் "தொரை பசியாறிட்டாரா?" என்று கேட்பார். நான் பசியாறினேனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொரையாவது பசியாறாமல் இருப்பதாவது! நெத்திலிச் சோறு, கோழிக்கு வைத்த தவிடு, ஒரு தடவை என் பள்ளிக்கூடப் பையைக் கிழித்து எடுத்த இடியாப்பம் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

சனிக்கிழமை காது துடைக்கும் நாள். நான் தலையைப் பிடித்துக்கொள்வேன், அப்பா துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு மடல் மடலாகத் துடைப்பார். விட்டுவிட்டால் காது நாறிப்போகும். கயிறில்லாமல் அதை வாசல் தாண்டிச் சடக்கில் இறக்கவே முடியாது. மூக்கு தரையில் பட்டால் காது கேட்காது. மலாய்க்காரர் வீடுகளைக் கடக்கையில் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்க வேண்டும், அவர்களுக்கு நாய் பட்டால் ஆகாது. செட்டிமார் கோயிலில் மணி அடித்தால் கழுத்தை நீட்டி ஊளையிடும். பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம் என்பதால் தமிழ் அவ்வளவாக வராதவர், வேலிக்கு அப்பால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் அப்பாவுக்கு ஆபீசிலேயே நெஞ்சு வலி வந்தது. காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீடு திரும்பியது உடம்புதான்.

எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட வேண்டும், போனவர் துணியெல்லாம் துவைத்துப் பதினாறாம் நாளுக்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அது எங்கள் வழக்கம். அம்மா எழுந்திருக்கவில்லை. எனக்குப் பதின்மூன்று வயது, பொறுப்பான பெண் என்று பெயரெடுக்கும் ஆசை. சவுக்காரக் கட்டி கரையக் கரைய எல்லாவற்றையும் துவைத்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய, அவர் முகம் துடைக்கிற துண்டைக்கூட விடவில்லை. தொரை வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. போ சனியனே என்று தண்ணீரை அடித்து விரட்டினேன்.

அன்று மாலை அது நாற்காலியை முகர்ந்தது. பினாயில் நாற்றம். ஆணிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தது. இரவு மங்குக் கிண்ணத்தில் வைத்த சோறு காலையிலும் அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. செட்டி அக்கா மீன் தலை போட்டுப் பிசைந்துகொண்டு வந்து வைத்தார். அதையும் தொடவில்லை. "கெசியான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம் என்று அர்த்தம். நாயைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியாது.

நாலாம் நாள்தான் எனக்கு அந்த வெள்ளைக்காரச் சட்டை நினைவுக்கு வந்தது. கொடிக்கு ஓடினேன். ஒவ்வொரு துணியாக மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தேன். சவுக்காரமும் வெயிலும்தான். அப்பா ஒரு நூலில்கூட இல்லை. அவரை நானேதான் இரண்டு கையாலும் கசக்கிச் சாக்கடையில் ஊற்றியிருந்தேன். நாயும் போய்விடும், நான்தான் காரணம் என்று அழுதேன். நாய்க்காக மட்டும் அழவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஆபீஸ் பியூன் ஒருவர் அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா விழுந்த நாளிலிருந்து ஆபீஸ் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. எழவே தெம்பில்லாமல் கிடந்த தொரை தலையைத் தூக்கியது. தள்ளாடிப் போய் முன்காலைத் தூக்கி வைத்து சீட்டை முகர்ந்தது, கைப்பிடி ரப்பரை முகர்ந்தது. பிறகு கோயில் மணிக்கு இடுமே அந்த ஊளையை இட்டது. சைக்கிளுக்கு அடியிலேயே மங்குக் கிண்ணத்தை வைத்தேன். வழித்துத் தின்றது.

பதினாறு முடிந்ததும் செமாபோக்கிலிருந்து மாமா வந்தார். வேலைக்கு நடந்தே போகிறவர். சைக்கிளை அவர் எடுத்துக்கொள்வது என்று முன்பே பேச்சு. கைப்பிடியைத் தொட்டார். தொரை அடியிலிருந்து நகரவில்லை. நான் அம்மாவையே பார்த்தேன்.

"இருக்கட்டும்ணே" என்றாள் அம்மா.

"நாயிக்காகவாம்மா?"

"இருக்கட்டும்."

மாமா நடந்தே திரும்பினார். அதற்குப் பிறகு யாரும் சைக்கிளைத் துடைக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். மழைச் சாரல் படாமல் மேலே ஒரு கித்தான் கட்டினாள். யாரும் பார்க்காதபோது நானும் கைப்பிடியில் மூக்கை வைத்துப் பார்ப்பேன். ரப்பரும் துருவும்தான். அது தினமும் அங்கே நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்க எனக்கு வயிறெரியும்.

சில மாதம் கழித்து ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். நாயைக் கையால் தொட்டே அறியாத அம்மா சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டில் முகத்தை வைத்து நன்றாக மூச்சை இழுத்தாள். பிறகு குனிந்து தொரையின் காதை மெதுவாகத் தடவினாள்.

"எனக்கு ஒண்ணுமே வரல தொரை. ஒனக்கு இன்னும் வருதா?"

அது கண்ணைத் திறக்காமல் வாலை மட்டும் தரையில் தட்டியது.

"குடுத்து வெச்சவன்டா நீ" என்றாள் அம்மா.