ஆறாம் பக்கத்தில் நான் எழுதிய வரி

“வருஷத்துக்கு ஒரு துணி எடுக்கற வூட்டுப் பொண்ணு நீ. இத்தன கடைக்குத் துணி எடுக்கற வேல உன்னால ஆவுமா?”

நேர்காணலில், பின்னாளில் என் மேலதிகாரியான மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஏளனமாகக் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ஜவ்வாது மலை என்று இருந்த முகவரியைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். “வருஷத்துக்கு ஒண்ணு எடுக்கறவங்கதாங்க மேடம் நல்லா பாத்து எடுப்பாங்க” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பின்னால் நடந்ததையெல்லாம் எழுத உட்கார்ந்திருக்கும் இப்போதும் அவர்மேல் முழு வெறுப்பு வரமாட்டேன் என்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா கைநாட்டு. அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்று ஆடு ஓட்டப் போய்விட்டான். நான் விடுதியில் தங்கிப் படித்து, வேலூரில் ஆடை வணிகம் பற்றிய படிப்பை முடித்து, அடிவார ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஒரு துணிக்கடை நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். கொள்முதல் என்றால் வெறுமனே விலை பேசி வாங்குவது என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த பண்டிகைக்கு எந்தக் கடையில் எந்த நிறம் போகும், எந்த அளவு தேங்கும், எதை எந்த வாரம் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பதை ஆறு மாதம் முன்னாலேயே யோசித்து வைக்கிற வேலை அது. ஒடுகத்தூர்க் கிளையில் நிலக்கடலை எடுத்த பிறகுதான் பட்டுப்பாவாடை நகரும் என்று நான் இரண்டாம் மாதமே சொன்னேன். அது நடந்தபோது மேடம் என் நாற்காலியைத் தன் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார்.

அவர் கைப்பையில் ஒரு சிகரெட் லைட்டர் எப்போதும் கிடக்கும். சப்ளையர் கொண்டுவரும் துணியின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, லைட்டரைத் தட்டிக் கொளுத்தி, மூக்கருகே கொண்டுபோவார். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும். விரலில் தேய்த்தால் சாம்பல் பூப்போல உதிரும். பாலியஸ்டர் என்றால் நூல் சுருண்டு உருகி, கறுப்பு மணியாக இறுகும். ஆறுவதற்குள் தொட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது முதல் தடவையே ஒட்டியது. மேடம் என் விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, “இனிமே மறக்க மாட்ட, பாரு” என்றார். துணி தேறிவிட்டால் அதில் ஒரே ஒரு உருப்படி தைத்து வரும். அதில் அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அலமாரியில் பூட்டுவோம். சீல் சாம்பிள் என்று பெயர். பின்னால் வருகிற சரக்கெல்லாம் அதைப்போலவே இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும்.

மலைக்கு வேன் விடலாம் என்ற யோசனை என்னுடையது. தீபாவளிக்கு மலைக்காரர்கள் எல்லோரும் கீழே இறங்கி வருவதில்லை. பஸ் குறைவு. ஒரு நாள் கூலி போய்விடும். நாமே மேலே போனால் என்ன என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாமை அறுத்து விற்ற கையோடுதான் அங்கே துணி எடுப்பார்கள் என்று எழுதினேன். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரியதாகவே எடுப்பார்கள், அதனால் பெரிய அளவுகளைக் கூட்டிப் போட வேண்டும் என்று எழுதினேன். ஆறாம் பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதினேன்: “இங்கே லேபிள் படித்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. தொட்டுப் பார்த்து, தெரிந்தவர் சொன்னால் வாங்குவார்கள்.” எழுதும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் ஜனங்களை இப்படி வெளியே நின்று பார்த்து எழுத ஒரு படிப்பு தேவைப்பட்டதே, அதை நான் படித்தேனே என்ற பெருமை. கூட்டத்தில் மேடம் அந்த அறிக்கையை உரக்கப் படித்தார். ஆறாம் பக்கம் வந்ததும் மேலாளர் பேனாவை எடுத்து எதையோ அடிக்கோடிட்டார். வேன் விற்பனை முடிந்ததும் என் வேலை நிரந்தரம் என்றார்கள்.

பெண் குழந்தைகளுக்கான சிவப்புப் பிராக் தேர்வாயிற்று. உள்பக்கம் மெத்தென்ற பருத்தி, கீழே மூன்று அடுக்கு வலைத்துணி, எல்லாமே பருத்தி. சீல் சாம்பிளில் அட்டையை நான்தான் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கட்டினேன். புரட்டாசி முடிகிற நேரத்தில் சரக்கு வந்தது. குடோனில் பொதியைப் பிரித்ததும் கை வைத்தேன். மெத்தென்றுதான் இருந்தது. ஆனாலும் தூக்கும்போது கனம் குறைவாகத் தெரிந்தது. உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, வாசலுக்குப் போய், காவலாளியிடம் தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தினேன். நூல் சுருண்டது. கறுப்பு மணி. இன்னொரு பிராக்கில் உருவினேன். அதுவும் அப்படியே. கழுத்து லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று அச்சிட்டிருந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். மேடம் லைட்டரை எடுக்கவில்லை.

“தெரியும்மா” என்றார்.

“அப்போ திருப்பி அனுப்பணும் இல்லீங்களா மேடம்?”

“கீழ்க் கடைங்களுக்கு வேற லாட் வருது. இது மலைக்கு.”

“மலைக்குன்னா?”

அவர் என் அறிக்கையை எடுத்து, ஆறாம் பக்கத்தைத் திருப்பி, என் பக்கம் தள்ளினார். அடிக்கோடு நீல மையில் இருந்தது. “நீதானம்மா எழுதன? மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது. துணி ஒண்ணும் கிழியாது, சாயம் போவாது. புள்ளைங்க சந்தோஷமா போட்டுக்கும். உன் வேல நிரந்தரம்னு லெட்டர் டைப் ஆயிட்டு இருக்கு, தெரியுமா?”

மறுநாள் வேறு வேலையாக மேடத்திடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்தேன். என் கையெழுத்துள்ள அட்டை, வந்த சரக்கிலிருந்து எடுத்த ஒரு பிராக்கில் கட்டப்பட்டிருந்தது. முத்திரைகூட ஒழுங்காக வைத்திருந்தார்கள். முதல் சாம்பிளைக் காணோம். அலமாரிச் சாவி மேடத்திடம் மட்டும்தான் இருக்கும். நான் கதவை மெல்ல மூடினேன். யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கே கேட்டிருக்கலாம். அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தக் கடிதம் வந்ததும் அப்பாவிடம் அதை எப்படிப் படித்துக் காட்டுவது என்று அதற்கு முன்பே பல முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அதைக் கைவிட மனம் வரவில்லை. உள்ளது இதுதான்.

வேன் அமிர்தி வழியாக மலை ஏறியபோது மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. சந்தை மேட்டில் நிறுத்தினோம். கம்பியில் வரிசையாகச் சிவப்பு. கூட்டம் சேர்ந்தது. பெண்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். “மெத்துமெத்துனு கீது” என்றாள் ஒருத்தி. “இந்த மனுஷன் கன்னத்த விட மெத்துனு கீதுடி” என்று இன்னொருத்தி தன் புருஷனைக் காட்டிச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் சின்னம்மா நேராக என்னிடம் வந்தாள். “ஏம்மே, நீ சொல்லு. எடுக்கலாமா, வாணாமா? இன்னா துணி இது?”

பக்கத்தில் பில் போடுகிறவர் என்னைப் பார்த்தார்.

“நல்ல துணிதான் சின்னம்மா. எடுங்க” என்றேன்.

அவ்வளவுதான். “நம்ம வூட்டுப் பொண்ணே சொல்லிடுச்சு” என்று சின்னம்மா திரும்பிக் கூவினாள். நான் எழுதியிருந்த மாதிரியே நடந்தது. ஒருவரும் லேபிளைப் பார்க்கவில்லை. ஒரு அளவு பெரியதாகவே கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் கம்பி காலியாகிவிட்டது. மேடம் போனில், “உன்ன நம்பினது வீண் போவல” என்றார். அண்ணியும் ஒன்று எடுத்திருந்தாள். அண்ணன் மகளுக்கு அது கணுக்காலைத் தாண்டித் தொங்கியது. சுற்றிச் சுற்றிக் காட்டினாள்.

தீபாவளிக்கு விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். பட்டாசு வெடித்த நேரமெல்லாம், அந்தத் துணியில் பொறி பட்டுவிடுமோ என்று அண்ணன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தேன். என் மலையை எனக்குத் தெரியும் என்று பத்துப் பக்கம் எழுதியவள், ஐப்பசிக் குளிர் வந்துவிட்டால் அங்கே என்ன நடக்கும் என்பதை மறந்திருந்தேன். மறுநாள் விடிகாலையில் வெளியே வந்தேன். மூடுபனியில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தீ. ஒவ்வொரு தீயைச் சுற்றியும் பிள்ளைகள் குந்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் அண்ணன் மகள், அந்தச் சிவப்புப் பிராக்கைக் கழற்றாமலே தூங்கி எழுந்தவள், கைகளைத் தீக்கு நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலைத்துணி மூன்று அடுக்கும் அவள் காலைச் சுற்றி மண்ணில் விரிந்து, விறகு நுனிவரைக்கும் கிடந்தது. எதிர் வாசலிலும் ஒரு சிவப்பு தெரிந்தது. அதற்கு அப்பாலும் ஒன்று.

விறகு வெடித்தது. ஒரே ஒரு பொறி. சிவப்பில் ஒரு ஓட்டை திறந்து, ஓரம் கறுத்து, சுருண்டுகொண்டே மேலே ஏறியது. அவளைப் பின்னால் இழுத்து, கையாலேயே அதை அமுக்கினேன். என் உள்ளங்கையில் அது ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “அத்தை, துணி ஓட்டையாயிடுச்சு” என்று அழுதாள். பருத்தியும் எரியும்தான். ஆனால் உதறினால் சாம்பலாகக் கொட்டிவிடும். இது ஒட்டிக்கொண்டே எரியும். என் உள்ளங்கையை வைத்தே நான் இதைச் சொல்கிறேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன். “ஒரு ஓட்டைதானேம்மா?” என்றார். எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். மேடம், நேர்காணலில் கேட்ட அதே மென்மையான குரலில், “அந்த அட்டைல இருக்கறது உன் கையெழுத்து. அறிக்கை உன்னுது. சந்தையில நின்னு வித்தவ நீ. நாளைக்கு எதுனா ஆச்சுனா மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், சும்மா இரு” என்றார். பயமுறுத்துகிற தொனியே இல்லை. என்மேல் நிஜமான அக்கறையோடுதான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். கடிதம் வாங்க வரும்படி அலுவலகத்திலிருந்து அதற்குப் பிறகு இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினேன். வாசலில் நின்று ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டுவேன். சிலர் அப்போதே கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு தாய் பிராக்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். “நீ சொன்னதாலதான எடுத்தோம்? இப்போ நீயே புடுங்கற. எம்புள்ள இன்னாத்த போடும், உன் படிப்பையா?” என்றாள். வலைத்துணியை மட்டும் வெட்டி எடுத்து, நீளத்தைக் குறைத்து, “தீயாண்ட மட்டும் போட வாணாங்க” என்று கெஞ்சிவிட்டு வந்தேன். சின்னம்மா என்னோடு பேசுவதில்லை. இது கார்த்திகை. குளிர் நாளுக்கு நாள் ஏறுகிறது. விற்றதில் பாதிகூட இன்னும் என் கைக்கு வரவில்லை. சந்தைக்கு எங்கெங்கிருந்தோ நடந்து வந்து வாங்கிப்போன முகங்களை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். சில முகங்கள் வரவே மாட்டேன் என்கின்றன. விடிகாலையில் யார் வீட்டுப் பக்கமாவது சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன்.

நான் ஒருத்தி நடந்து தீராது என்று தெரிந்துவிட்டது. போன திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், ஓட்டை விழுந்த பிராக்கோடும் அறிக்கையின் நகலோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். மனு எழுதித் தரவா என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். நிறுவனத்தைப் பற்றித் தொடங்குவதா, மேடத்தைப் பற்றித் தொடங்குவதா என்று மரத்தடியில் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, “இந்தத் துணி என்ன துணி என்று தெரிந்தே என் ஜனங்களிடம் நின்று விற்றவள் நான்” என்று முதல் வரியை எழுதினேன். மற்றவர்கள் பெயரெல்லாம் அதன் கீழே வந்தன. முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டு, உள்ளே கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டு மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.