தன்னையே சந்தேகப்பட்ட ராஜேஸ்வரி

ராஜேஸ்வரி இறந்துவிட்டதாக எங்கள் கிடங்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவின் லட்சணம் அப்படி. போன வருடம் கல்லுக்குண்டு மாதிரி இருந்த ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டு, அவரே வந்து 'நன்றி' என்று பதில் எழுதும்படி ஆனது. எதற்கும் விசாரித்துவிடலாம் என்று ராஜியின் எண்ணுக்கே கூப்பிட்டேன். எடுத்ததும் நாலு வார்த்தை திட்டுவார், நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எடுத்தது அவருடைய தம்பி தாமு. "சேட்டா..." என்றான். செய்தி உண்மைதான் என்று அழுதான்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ராஜியைத் தெரியாதவர்கள் குறைவு. சில தலைமுறைகளுக்கு முன்பே இங்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். எங்கள் கிடங்குக்கு வரும் மிளகு, சுக்கு எல்லாவற்றையும் தரம் பார்ப்பது அவர் வேலை. நான் திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவன். அதே கிடங்கில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, எதிரெதிர் மேசை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் ராஜி பழைய தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பிப்பார். நடுநடுவே நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். மறுபடி எழுதுவார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. என்னைப் பற்றித்தான் முதலாளிக்கு ஏதோ எழுதிக் கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். எட்டிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. அவர் எழுதியது தமிழ், ஆனால் மலையாள எழுத்தில். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்துதான் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கோ பஸ் போர்டைத் தவிர மலையாளத்தில் எதுவும் படிக்க வராது. என் கண் அலைபாய்வதை ஒருநாள் கவனித்துவிட்டார்.

"எந்தா மாணிக்கம், உங்களைப் பத்தி எழுதறேன்னு பயமா? அத்தனை பெரிய ஆளொண்ணும் இல்ல நீங்க. நான் என்னைப் பத்தி எழுதறேன்."

"உங்களைப் பத்தி உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

டைரி எழுதுகிறவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் தனக்குத் தானே பூமாலை போட்டுக்கொள்கிறவர்கள் அவர்கள். அதை ராஜியிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், ஒத்துக்கொண்டார். "செரிதான். முதல் தடவை எழுதறப்ப நான்தான் எனக்கு வக்கீல். அதனாலதான் மூணு தடவை எழுதறேன்."

அந்த வழக்கத்தை அவர் தொழிலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மிளகு மூட்டையை மேலே மட்டும் பார்த்து யாரும் தரம் சொல்ல மாட்டார்கள். மேலே நல்ல மிளகைப் பரப்பிவிட்டு அடியில் பப்பாளி விதையைக் கலந்து அனுப்புகிற மகானுபாவர்கள் உண்டு. அதனால் மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் குத்தி மாதிரி எடுப்பார்கள். ராஜியும் மனதைக் குடைகிற ஒரு விஷயத்தை எழுதி மேசைக்குள் வைத்துவிடுவார். சில வாரம் கழித்து, முன்பு எழுதியதைப் பார்க்காமல், அதையே மறுபடி எழுதுவார். பிறகு இன்னொரு முறை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே கதை மாறியிருக்கிறது என்று பார்ப்பார். "மாறின இடத்துலதான் கலப்படம் இருக்கு, கேட்டோ" என்பார். பார்த்து முடித்ததும் தாள்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கிவிடுவார். அப்படி ஒரு தாள்கூட இப்போது மிச்சமில்லை.

இதனால் என்ன லாபம் என்று கேட்டவன் நான். பதில் எனக்கே கிடைத்தது. என் பக்கத்து மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று ராஜி என்னோடு ஒரு மழைக்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சாயாவோடு வந்து உட்கார்ந்தார். "ஃபேன் இல்ல மாணிக்கம் விஷயம். ஜன்னல் பக்கத்து மேசை உங்களுக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல. அசூயை. வேற ஒண்ணும் இல்ல." இப்படி வந்து சொல்கிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்குமோ என்று இரண்டு நாள் காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மேசையை மாற்றிக்கொள்ளலாம் என்று நானே சொன்னதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

அவருடைய அம்மா விஷயம் இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அம்மா கடைசிக் காலத்தில் அக்கரையில், தேவராவில் தாமுவின் வீட்டில் இருந்தார். உடம்பு மோசமான அன்று சாயங்காலம் தாமு தகவலே சொல்லவில்லை, மறுநாள் காலையில் உயிரில்லாத முகத்தைத்தான் பார்த்தேன் என்று ராஜி நம் எல்லோரிடமும் சொல்லி அழுதிருக்கிறார். கூப்பிட்டேன் என்று தாமு சொன்னதை அவரும் நம்பவில்லை, நாமும் நம்பவில்லை. தம்பியோடு பேச்சு நின்றது. ஓணம், தீபாவளி எதற்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நமக்கும் தாமு என்றாலே ஒரு கசப்பு.

சில வருடங்களுக்குப் பிறகு, படகுத்துறையில் படகுக்குக் காத்திருந்தபோது ராஜி என்னிடம் சொன்னார். அந்தச் சாயங்காலத்தையும் அவர் மூன்று முறை எழுதிவிட்டிருந்தார். முதலாவதில் போனே வரவில்லை. இரண்டாவதில் போன் வந்தது, அவர் குளித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் போன் அடுக்களையில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தாமுவின் பெயர் தெரிந்தது. கொஞ்சம் அடித்து நின்றது.

"திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். இவன்கிட்ட இப்ப யாரு பேசறதுன்னு மீனைக் கழுவிட்டிருந்தேன், மாணிக்கம். அப்பறம் போன் வரவே இல்லைன்னு நானே நம்பிட்டேன்."

"விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தேவராவுக்குப் போனார். தாமுவிடமும் அவன் மனைவியிடமும் சொன்னார். நம்மிடமும் ஒவ்வொருவராக வந்து, முன்பு சொன்னது தப்பு என்று சொன்னார். இப்படியும் ஒரு மனுஷியா என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அதன் பிறகு தாமு வாரம் தவறாமல் மட்டாஞ்சேரிக்கு வந்து அக்கா கையால் சாப்பிட்டுப் போனான். ஆனால் பஜாரில் பேச்சு வேறு மாதிரி ஆனது. பெற்ற தாய் சாகக் கிடக்கும்போது போனை எடுக்காதவள் என்றார்கள். ராஜியின் காதில் அது விழத்தான் செய்தது. "எழுதினது நான்தானே" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்று நான் எழுதுவது அந்தப் பேச்சைப் பேசியவர்களுக்காகத்தான்.

ராஜியை வழியனுப்பிவிட்டு மயானத்திலிருந்து திரும்பும் வழியில் தாமு என்னை ஓரமாக அழைத்துப் போனான்.

"சேட்டா, அந்த போன். அக்காவுக்கு முழுசும் தெரியாது. ரெண்டு ரிங் போனதும் நானேதான் கட் பண்ணினேன்."

எனக்கு உடனே புரியவில்லை.

"அக்கா வந்தா மருந்து செரியில்ல, தலகாணி செரியில்லன்னு தொடங்கும். அம்மா காலைல வரைக்கும் இருப்பான்னு நினைச்சேன். ஆனா நாளைக்கு யாராச்சும் கேட்டா, கூப்பிட்டேன்னு சொல்ல வேணுமே. அதுக்கு ஒரு மிஸ்டு கால்."

"ராஜி வந்து சொன்னப்ப நீ என்ன சொன்னே?"

"'பரவால்ல அக்கா, விடு'ன்னேன். மன்னிச்சவன் மாதிரி. அக்கா என் கையைப் பிடிச்சு அழுதுது. நான் சாயா போடச் சொன்னேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்காவைப் பத்தி நீங்க எழுதுவீங்க இல்லே? இதையும் எழுதிடுங்க."

நடுரோட்டில் அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. இத்தனை வருடம் ராஜியின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் மேல் விழுந்த பழியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான்.

இந்த அஞ்சலியை இதற்கு முன் இரண்டு முறை எழுதினேன். முதலாவதில் தாமு கொலைகாரனுக்கு ஒரு படி கீழே இருந்தான். இரண்டாவதில் அவன் வெறும் பயந்தாங்கொள்ளி. இப்போது எழுதும்போதுதான், அந்த ரோட்டில் நான் எதையும் கேட்கவில்லை, அவனாகத்தான் வந்து சொன்னான் என்பது உறைக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ராஜியிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்: கோபத்தில் நான் சொல்லும் கதையை முதலில் நானே சந்தேகப்படுவது. டைரிக்காரர்களை இப்போதும் நம்புவதில்லை. என்னையும் முன்போல நம்புவதில்லை.

ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் ராஜிக்குக் கிடைத்திருக்கக் கூடியது அவருடைய பாதி மட்டும்தான். மறுபாதி தாமுவிடம் இருந்தது. அதை அவன் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். வாங்கிக்கொள்ள அவர்தான் இல்லை.