முப்பத்தேழு டிகிரியில் ஒரு டம்ளர்

நான் சாஃப்ட்வேர் விற்பவன். உயிரோடு இருக்கும் செல்களை மைக்ராஸ்கோப்பில் மூன்று நாள் விடாமல் படமெடுத்து, எது நகர்ந்தது, எது இரண்டாகப் பிரிந்தது, எது செத்தது என்று சொல்லும் சாஃப்ட்வேர். வருஷத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். பத்துப் புது வசதி இருப்பதாகச் சொல்வேன். அதில் ஆறு, போன வருஷத்து வசதிக்கே வேறு பெயர் வைத்தது. மீதி நாலு நிஜம். அந்த நாலில் ஒன்றுதான் ரெஜினாவைக் காப்பாற்றியது.

கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் ரெஜினா பதினோரு வருஷமாக டெக்னீஷியன். சொந்த ஊர் மானாம்பதிப் பக்கம். அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படித்து இந்த வேலைக்கு வந்தாள். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்தம், பன்னிரண்டு தடவை கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த டிசம்பரில்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் முதல் தடவையாக அவள் பெயர் வந்திருந்தது.

பழைய பதிப்பில் அரை மணிக்கொரு தரம் ஃபோகஸ் நழுவும். பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் திருத்துவாள். ஒவ்வொரு செல்லையும் மவுஸால் சுற்றிக் கோடு போடுவாள். போகிற போக்கில் பட்டப்பெயரும் வைப்பாள். நிற்காமல் ஓடுகிற செல் கோவளம் பஸ். இருந்த இடத்திலேயே ஊதிக் கிடப்பது மேனேஜர்.

நான் போட்டுக்கொடுத்த புதுப் பதிப்பு ஃபோகஸைத் தானே பிடித்தது. ஒரு செல் பிரிந்தால், பிள்ளை பேரப்பிள்ளை வரை வம்சாவளிப் படம் வரைந்து காட்டியது. ரெஜினா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த, பாட்டன் பூட்டன் வரைக்கும் நோண்டுது. செல்லுக்கும் கம்யூனிட்டி சர்டிபிகேட் குடுக்கப்போறாங்களா?"

எங்கள் கம்பெனியில் யாரும் அந்த வசதியை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

மூன்றாவது வசதிதான் வில்லங்கம். செல் வளர்க்கிற கண்ணாடித் தட்டில் செல் அல்லாத எது தெரிந்தாலும் சிவப்பு வட்டம் போட்டு 'அந்நியப் பொருள்' என்று எழுதும். முதல் வாரமே ஆராய்ச்சி மாணவி ஹரிப்ரியாவின் தட்டு முழுக்கச் சிவப்பு. செல்கள் செத்துப்போயின. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே.

ஆராய்ச்சிக்கூடத் தலைவர் ரவிச்சந்திரன் தட்டைப் பார்க்கவில்லை, ரெஜினாவைப் பார்த்தார்.

"சுத்தம்கிறது படிச்சு வர்றதில்லை ரெஜினா. வீட்டுப் பழக்கத்துல வரணும்" என்றார், அத்தனை பேர் முன்னாலும்.

எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. அவள் ஃபைலில் 'கை சுத்தம் போதாது, நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கவில்லை' என்று எழுதியும் வைத்தார். அது அநியாயம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஆயிற்றே, நானும் ஒரு கோழைதான்.

அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும்.

ரெஜினா அழவில்லை. சிவப்பு வட்டங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். குச்சி குச்சியாகச் சங்கிலி கோத்துக்கொண்டு ஏதோ கிடந்தது.

"இத்த நான் எங்கியோ பாத்துகீறேன் அண்ணாத்த" என்றாள்.

செல் வளர்க்கிற இன்குபேட்டர் எப்போதும் முப்பத்தேழு டிகிரியில் இருக்கும். அதன் கீழ்த்தட்டில் மூன்று வாரமாக ஒரு எவர்சில்வர் டம்ளர். சாயங்காலம் வரும், காலையில் போகும். வாயை ஃபாயிலால் மூடி, மேலே 'ஹெட் சாம்பிள், தொடாதே' என்று எழுதியிருக்கும். தலைவருடைய ஆராய்ச்சி என்றால் சும்மாவா? ஒருத்தரும் தொடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தேன். நாலாவது வசதி, ஒப்பிடுவது. அந்நியப் பொருள் என்னவென்று தெரியாவிட்டால், தெரிந்த ஸ்லைடு ஒன்றைக் காட்டினால் போதும், இரண்டும் ஒன்றா என்று சொல்லிவிடும். யாராவது ஒரு ஸ்லைடு கொடுங்கள் என்றேன். ரெஜினா ஒன்றை நீட்டினாள்.

பெரிய திரையில் இடப்பக்கம் ஹரிப்ரியாவின் தட்டிலிருந்த குச்சிகள், வலப்பக்கம் ரெஜினாவின் ஸ்லைடு. கீழே எழுத்து வந்தது: ஒற்றுமை தொண்ணூற்றாறு சதவீதம்.

"இது என்ன சாம்பிள்மா?" என்று ஒன்றும் அறியாமல் கேட்டேன்.

"தயிரு. லேப் டெக்னீஷியன் படிக்கசொல்ல மொத நாளு காட்டுனாங்க. சார் டம்ளர்லருந்துதான் எடுத்தேன்."

எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்க்க, கதை மெள்ள வெளியே வந்தது. ரவிச்சந்திரனின் மனைவி, மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தார். நாவலூர் ஃபிளாட்டில் மனிதர் தனி. மழை வேறு. வீட்டில் பால் உறையவில்லை, கேன்டீன் தயிர் வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஆகவே பல லட்ச ரூபாய் இன்குபேட்டரில் பாலுக்கு உறை ஊற்றி வைத்திருக்கிறார். காலையில் டம்ளரைத் திறந்து, தோய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்து, அதே கையோடு மேல் அடுக்கிலிருந்த ஹரிப்ரியாவின் தட்டையும் நகர்த்தியிருக்கிறார்.

"ஃபிளாட்ல சரியா தோய மாட்டேங்குது" என்றார் கடைசியில்.

யாருக்கோ சிரிப்பு வந்து இருமலாக மாறியது. ஹரிப்ரியா சிரிக்கவில்லை. அவளுக்கு மூன்று வாரம் போயிருந்தது.

ரெஜினா தன் ஃபைலை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தாள்.

"அந்த வரிய அடிச்சிடுங்க சார். நான் பாக்கசொல்ல அடிங்க."

அவர் பேனாவைத் திறந்தார். அவள் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல கை கழுவிகினு வாங்க."

அவர் எழுந்து போனார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ரெஜினா எட்டிப் பார்த்தாள், சோப்பு போடுகிறாரா என்று.