இடது கண்: சிக்ஸ் பை சிக்ஸ்

நேரு வீதிக்குப் பின்னால் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கலைவாணனுக்குக் கண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது மூக்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது என்பதுதான். முன்பு செல்போன் விற்றார். அது படுத்துவிட்டதும் அதே ஷோகேஸைத் துடைத்து அதில் ஃபிரேம்களை அடுக்கினார். தினமும் காலை ஆறு மணிக்குக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிங்கம் வரும், கீழே தைரியத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கும். ஒன்பது மணிக்குள் எல்லோரும் அதற்குக் கைகூப்பும் படம் போட்டுவிட வேண்டும். போடாதவரை ஒன்பதரைக்குக் கடையில் வாடிக்கையாளர் முன்னால் நிற்க வைத்துக் கேட்பார். பயப்படாதே என்று சொல்வதற்கே ஆட்களைப் பயமுறுத்தத் தெரிந்த மனிதர்.

இந்தச் சிங்கத்திடம் வேலைக்கு வந்து சேர்ந்தவள்தான் துர்கா. வயது இருபத்து மூன்று. பாகூர் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். நான்கு வருடம் கண் பரிசோதனை படித்துப் பட்டம் வாங்கியவள். டாக்டர் இல்லை. பவர் அளந்து கண்ணாடிக்கு எழுதித் தருவாள், நோய் மாதிரி எதுவும் தென்பட்டால் டாக்டரிடம் அனுப்புவாள், அவ்வளவுதான் அவள் வேலை. இந்த வித்தியாசத்தை ஊரில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. அவள் அப்பா கன்னியப்பன் கல்லூரியில் சேர்த்த அன்றே மகளைக் கண் டாக்டராக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருவர், கண்ணில் நீர் வடிகிறதென்று, தன் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கல்லூரியில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. கருவி வைத்துக் கண்ணுக்குள் ஒளி விட்டு, திரும்பி வருகிற ஒளியைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவாள். கடைக்கு வந்த ஆறே மாதத்தில் அந்தக் கை எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

போனதற்குக் காரணம் கல்லாவுக்கு மேலே சணலில் தொங்கிய புகார் நோட்டு. துர்கா எழுதிய கண்ணாடி மூன்று முறை திரும்பி வந்திருந்தது. முதலாவது, தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்துப் புதிதாக இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு வங்கி அதிகாரி. படி இறங்கும்போது தரை ஆடுகிறது என்றார். முதல் பத்து நாள் எல்லோருக்கும் ஆடும் என்று துர்கா சொன்னதற்கு, கஸ்டமருக்கே பாடம் எடுக்கிறாயா என்று கலைவாணன் கத்தினார். இரண்டாவது, கல்யாணப் பெண் ஒருத்தி. ஃபிரேம் முகத்துக்கு எடுக்கவில்லை என்பதை, பார்வை சரியில்லை என்று சொல்லித் திருப்பித் தந்தாள். மூன்றாவதில் துர்கா உண்மையாகவே வலது இடது மாற்றி எழுதிவிட்டாள். வேடிக்கை என்னவென்றால், தன் மேல் தப்பு இருந்த அந்த ஒன்றை வைத்து மற்ற இரண்டையும் அவள் தன் தப்பாகவே எடுத்துக்கொண்டாள். நோட்டில் மூன்று இடத்தில் அவள் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். நான்காவது வட்டம் போட்டால் வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கலைவாணன் கெட்டவர் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவரே துர்காவைத் தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்பினார். கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில், கோட்டுப் போட்ட ஒருவர் நாற்பது பேரை முகம் பார்க்கும் கண்ணாடி முன் வரிசையாக நிறுத்தி, என்னால் முடியும் என்று உரக்கச் சொல்ல வைத்தார். துர்காவும் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டில் ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது. மறுநாள் கடையில் வழக்கம்போல ஒரே அளவை மூன்று தடவை பார்த்துவிட்டும் எழுதத் தயங்கினாள்.

தப்பிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்ன, பன்னிரண்டு வருடமாக ஃபிரேம் விற்கும் மாலா சொல்லிக் கொடுத்த வழிதான் அது. யாரைப் பரிசோதித்தாலும் கடைசியில், போன தடவை அளவு எழுதிக் கடையில் வைத்திருக்கும் அவருடைய பழைய கார்டைப் பார்க்க வேண்டும். தன் அளவும் கார்டும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் கார்டில் இருப்பதையே எழுதிவிட வேண்டும். அந்தக் கார்டுகளை எழுதியவர் முருகையன் என்று முன்பு இருந்த ஆள். முந்தைய வருடத்துக் கார்டைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் அவர் செய்த பரிசோதனை. ஆக, படித்த பெண் ஒருத்தி, பரிசோதிக்காத ஆளின் எழுத்தைத் தன் கண்ணை விடப் பெரிதாக நம்ப ஆரம்பித்தாள். கடையில் இதற்கு அடக்கமான பெண் என்று பெயர் கிடைத்தது. புகாரும் நின்றுபோனது.

ஒரு செவ்வாய்க்கிழமை கஸ்தோன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்து, ஓய்வூதியத்தோடு குருசுக்குப்பம் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர். வயது எழுபத்து நான்கு. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. வருடம் தவறாமல் இதே கடையில் கண் பார்ப்பார், கண்ணாடி மாற்றுவார். கடையில் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. கலைவாணன் வாசல் வரை போய்க் கூட்டிவந்து, முசியே எங்கள் பதினைந்து வருடக் கஸ்டமர், ஜாக்கிரதை என்று துர்காவின் காதில் ஓதிவிட்டுப் போனார்.

பரிசோதனை அறை என்பது திரை போட்ட இருட்டறை. சுவரில் எழுத்துப் பலகை ஒரு பெட்டிக்குள் இருக்கும், உள்ளே விளக்குப் போட்டால்தான் எழுத்துத் தெரியும். கடை திறந்த நாளிலிருந்து அதே பலகை, அதே எழுத்து. கஸ்தோன் வலது கண்ணால் கடைசி வரி வரை படித்தார். பிறகு துர்கா பெட்டி விளக்கை அணைத்து, இரண்டு கண்ணுக்குள்ளும் ஒளி விட்டுப் பார்த்தாள். இடது கண்ணிலிருந்து ஒளி மங்கலாகத் திரும்பியது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்தாள். அந்த நேரத்தில் கலைவாணன் திரையை விலக்கி, ஆச்சா என்று எட்டிப் பார்த்தார். பதறிப்போய் முசியேயின் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் படிக்கச் சொன்னாள்.

"தே, ஏ, எஃப், பே, ஓ, தே, ஏ, ஸே" என்று கடைசி வரியைப் பிரெஞ்சில் கடகடவென்று ஒப்பித்தார் கஸ்தோன். ஓர் எழுத்துத் தவறவில்லை.

துர்கா கார்டை எழுதத் திரும்பியபோதுதான் பார்த்தாள். பெட்டி விளக்கை அவள் போடவே இல்லை. சுவர் கும்மிருட்டாக இருந்தது.

அவளுக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐயோ, நான்காவது தப்பு என்று தோன்றியது. கலைவாணன் பார்த்திருப்பாரோ என்று திரைப் பக்கம் பார்த்தாள். சத்தம் வராமல் விளக்கைப் போட்டாள். பழைய கார்டில் மூன்று வருடமாக இரண்டு கண்ணுக்கும் சிக்ஸ் பை சிக்ஸ், அதாவது குறையில்லாத பார்வை என்று இருந்தது. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் இருட்டில் படித்தார் என்பது அவள் மூளைக்கு எட்டவே இல்லை, தன் தப்பு ஒன்றுதான் எட்டியது. தன்னையே குறை சொல்லிப் பழகினவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்போது எட்டியது. எழுத்துத் தெரியாத சுவரைப் பார்த்து ஒருவர் எப்படிப் படிப்பார்? வருடக்கணக்கில் மனப்பாடம் ஆனதை ஒப்பித்திருக்கிறார். அப்படியென்றால் அந்த மங்கல் அவள் கையில் இல்லை, அவர் கண்ணில் இருந்தது. ஒரு கண்ணைக் கெடுக்கும் நோய் அடுத்த கண்ணுக்கும் போகலாம், நாள் தள்ளினால் பிடிக்க முடியாது என்று அவள் படித்திருக்கிறாள். அதே கேள்விக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் கூட வாங்கியிருக்கிறாள்.

அன்றைக்கே ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். புதன்கிழமை நம்பரை எடுத்தாள், பாதியில் வைத்துவிட்டாள். விளக்குப் போடாததைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். வியாழக்கிழமை மாலாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நீயா போயி உம் பேர்ல சிவப்பு வட்டம் போட்டுக்குவியா? கண்ணாடி ரெடியாயிடுச்சி. சனிக்கெழம வந்து வாங்கினு போயிடுவாரு, வுடு" என்றாள் மாலா.

வெள்ளிக்கிழமை துர்கா சிங்கத்துக்குக் கைகூப்பும் படம் போட்டாள், வந்தவர்களுக்கு அளவு எழுதினாள், வீட்டுக்குப் போனாள். இப்படியாக ஒரு மனிதரின் கண்ணை ஒரு பக்கமும் ஒரு சிவப்பு மையை ஒரு பக்கமும் வைத்து நான்கு நாள் நிறுத்துப் பார்த்தாள். மை கனமாக இருந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு, தூங்க முடியவில்லை, ஆனாலும் ஃபோன் போடவில்லை. இதை அவளே பின்னால் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், ஒரு நாளைக் கூடக் குறைக்காமல்.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் ஸ்டாக் அலமாரிக்குப் பின்னாலிருந்து இன்னொரு எழுத்துப் பலகையை இழுத்தாள். எப்போதோ ஒரு லென்ஸ் கம்பெனி இனாமாகத் தந்தது, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. பழையதைக் கழற்றிவிட்டு அதைப் பெட்டியில் மாட்டினாள். 

பதினொரு மணிக்குக் கஸ்தோன் வந்தார். புதுக் கண்ணாடியை மாட்டிக் காட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்த கலைவாணன் கையிலிருந்து அவரை ஒரு நிமிஷம் என்று உள்ளே கூட்டிப்போனாள். அவள் பின்னாலேயே கலைவாணனும் வந்து திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். துர்கா விளக்கைப் போட்டாள். எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். முசியேயின் வலது கண்ணை மூடினாள்.

"தே, ஏ" என்று ஆரம்பித்தார் கஸ்தோன்.

"பலகைய மாத்திட்டேன் முசியே. இது வேற எழுத்து."

அவர் நிறுத்தினார். முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். மேலே உள்ள பெரிய எழுத்தைக் காட்டிக் கேட்டாள். அங்கே எழுத்து இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவள் தன் விரல்களை அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நீட்டி எத்தனை என்று கேட்டாள். அதை மட்டும் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

கலைவாணன் உடனே குறுக்கே வந்தார். முசியே மன்னிக்க வேண்டும், பெண் புதுசு, இதற்கு முன்பும் மூன்று புகார் இருக்கிறது, கண்ணெல்லாம் அருமையாக இருக்கிறது, பதினைந்து வருடமாக நாங்கள் பார்க்காததா என்று மூச்சு விடாமல் பேசினார். கஸ்தோன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தக் கண்ணு போயி மூணு வருஷம் ஆவுது, மத்மொசேல்" என்றார் துர்காவிடம். "எனுக்குத் தெரியாதா? பட்டாளத்துல கேட்டா பதில் சொல்லியே ஆவணும், அந்தப் பழக்கம், வாய்க்கு வந்தத ஒப்பிச்சேன். நீங்க கண்டுபிடிச்சிச் சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொரு வருஷமும் வந்தேன். நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்க. படிச்சவங்க எழுதுறாங்க, அப்ப நம்ம கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு இருந்துட்டேன்."

துர்காவுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை விளக்குப் போட மறந்ததையும், அன்று சாயங்காலமே விஷயம் புரிந்ததையும் சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"நாலு நாளு" என்றார். "ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் ஆறு மாதமாகப் பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில் இப்போது திரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா, நெற்றியில் வியர்வை, எதிரில் இருந்த கண்ணைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாத முகம். இந்த ஆளுக்கா என்று இருந்தது. அவளுக்கு அவர் மேல் கோபம் கூட வரவில்லை. இத்தனை நாள் தன் மேல் கொட்டிக்கொண்ட அருவருப்பு அத்தனையும் ஒரு நிமிஷத்தில் இடம் மாறி அந்த முகத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

கார்டை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். இடது கண், விரல் எண்ணும் அளவு மட்டும் என்று எழுதினாள். முந்தைய பதிவு தவறு, எழுதியது நான் என்று கீழே எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்கு ஒரு கடிதமும் எழுத ஆரம்பித்தாள்.

கடைப் பேர் கெட்டுப்போகும், அந்தக் காகிதத்தைக் கொடு, திங்கள்கிழமையிலிருந்து நீ வர வேண்டாம் என்று கலைவாணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். துர்கா எழுதுவதை நிறுத்தவில்லை. கஸ்தோனின் இடது கண்ணுக்கு மேல் மறைப்பை மாற்றி வைத்தாள்.

"கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்றாள். "இன்னும் வலது கண்ணு பாக்கணும்."

கலைவாணன் வெளியே போய் நின்றார்.