சம்பங்கோரையும் என் கொழுந்தனும்

என் கொழுந்தன் எங்கள் குட்டைப் பக்கம் வந்துவிட்டுப் போனால், அவர் நின்ற இடத்து மண்ணை ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பேன். பைத்தியக்காரத்தனம் என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். போன வருடம் என் மாடு குறைமாதத்தில் செத்த கன்றைப் போட்டபோது, அதைப் பழைய சேலையில் சுற்றிப் புதைத்தவள் நான். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துப் பருத்திக்காட்டில் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். மறுநாளே மழை பெய்து அந்தத் தண்ணீர் அத்தனையும் எங்கள் குட்டையில் இறங்கியது. மாட்டு டாக்டர், "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா, ஆயிரம் காரணம் இருக்கும்" என்றார். ஆயிரத்தில் இதுவும் ஒன்றா இல்லையா என்று கேட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு எந்த மனுசர் மேலும் நம்பிக்கை கிடையாது.

எங்கள் காடு எம். புதுப்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்க முடிந்தது, குட்டையைப் பிரிக்க முடியவில்லை. அது பொது என்று விட்டார்கள். ஆனால் அன்றைக்கு வாய்வார்த்தை முற்றிப்போய், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பி என்னிடம் சொல்லுவார். தம்பிக்குப் பதில் வேண்டுமென்றால் அதுவும் என் வழியாகத்தான்.

குட்டைக்குக் கிழக்கே கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசு ஆபீஸ். எங்கள் ஊர்ப்பக்கம் ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள், நடுவில் வேப்பமரங்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அங்கேதான் பேக்கிங்கில் இருக்கிறார். வெடியை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. காடும் மாடும் என் பொறுப்பு.

இந்த வருடம் குட்டையின் கரை ஓரம் முழுக்கச் சம்பங்கோரை அடைத்துக்கொண்டது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் பழுப்பு நிறத்தில் உருளையாகக் கதிர் விடுமே, அந்தக் கோரை. மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் துறை வரைக்கும் வந்துவிட்டது. இப்படியே விட்டால் இரண்டு மழைக்குள் குட்டை மேடாகிவிடும். கொழுந்தன் கரையில் நின்று பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்ததையே சொன்னார்.

"மதினி, ரெண்டு டேங்க் களைக்கொல்லி அடிச்சா அம்புட்டும் கருகிப் போயிரும். எதுக்குக் கிடந்து மல்லுக்கட்டுறீக?"

"மாடு மறுபடி சினையா இருக்கு. இந்தத் தண்ணியத்தான் குடிக்குது. ஒரு சொட்டு விழக் கூடாது."

"அப்ப எப்பிடி அழிப்பீக?"

"அறுத்துத்தான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு ஒப்பந்தம் போல, "சரி, ஐப்பசி மழை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள போகலைன்னா நான் அடிச்சிருவேன். குட்டையில பாதி எனக்கும்தான" என்றார். பாதிக் குட்டையில் மட்டும் எப்படி விஷம் நிற்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் லோடு ஆட்டோவைக் கிளப்பிவிட்டார். ஆபீஸ்களிலிருந்து பெட்டி ஏற்றிச் சாத்தூர் லாரி ஷெட்டில் இறக்குவது அவர் பிழைப்பு.

அறுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலாக அறுத்தால் கோரைக்கு மொட்டை அடித்த மாதிரி, முன்னைவிட அடர்த்தியாக வரும். தண்ணீருக்குள் கையை விட்டு, சேற்றை ஒட்டி அரிவாளைப் போட வேண்டும். அறுத்து முடித்ததும் மோட்டாரை ஓட விட்டுக் குட்டையில் தண்ணீரை ஏற்ற வேண்டும். வெட்டின கட்டை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால், வேருக்குக் காற்று போகாமல் அழுகிவிடும். கரையில் நிற்பதை ஈரம் இருக்கும்போதே கிழங்கோடு பிடுங்க வேண்டும். ஊரிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்தேன். மேற்குக் கரை மாடு வருகிற பாதை என்பதால், அறுத்ததை எல்லாம் கிழக்குக் கரையில், வேலியோரம் குவித்தோம்.

கொஞ்சம் பிந்திவிட்டோம். கதிர் எல்லாம் முற்றியிருந்தது. கை பட்டாலே உடைந்து பஞ்சு கிளம்பியது. அதுவும் ஆடிக்காற்று. மூக்கு, வாய், தலைமுடி எங்கும் பஞ்சு. கூட வந்த பெண்களில் ஒருத்தி, "இதென்னக்கா, களை அறுக்கக் கூட்டியாந்தீகளா, தலகாணி அடைக்கக் கூட்டியாந்தீகளா?" என்றாள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்து அறுத்தோம். குவியல் இரண்டே நாளில் காய்ந்து சருகாகி, காற்றடிக்கும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சை அனுப்பிக்கொண்டிருந்தது. போகட்டும், குட்டையில் விழாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கொழுந்தன் உச்சி வெயிலில் குட்டைப் பக்கம் வரத் தொடங்கினார். லோடு ஓடுகிற நேரத்தில் இவருக்கு இங்கே என்ன வேலை? ஒருநாள் ஆட்டோவின் பின்னால் முதுகில் மாட்டுகிற தெளிப்பான் கிடந்ததைப் பார்த்தேன். மறுநாள் குவியல் வேலியோரத்திலிருந்து தள்ளி வேறு இடத்தில் இருந்தது. அது முன்பு கிடந்த இடத்தில் புல் வட்டமாக மஞ்சள் பாய்ந்திருந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொரு மஞ்சள் வட்டம். இனி சந்தேகமே இல்லை. களைக்கொல்லியைத் திருட்டுத்தனமாக, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கிறார். மழை வந்ததும், பார்த்தீகளா மதினி, நான் சொன்னது சரிதான என்று வந்து நிற்பார். மண்ணை மோந்தேன், ஒன்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் வாடையே இல்லாமல் கூட வருகிறதாம்.

மாட்டைக் குட்டையில் இறக்குவதை நிறுத்தினேன். போர்த் தண்ணீரைப் பிடித்து வாளி வாளியாகச் சுமந்து வைத்தேன். அது வாளியை மோந்துவிட்டுக் குட்டைப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. வயிறு இறங்கிவிட்ட சினைமாடு. அது ஒருமுறை கால் மாற்றி நின்றால்கூட ஓடிப்போய் வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், அவர் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்ததிலிருந்து மனுசர் ஆபீஸிலேயே குளித்துவிட்டு, தலையெல்லாம் ஈரமாக வீட்டுக்கு வருகிறார். இத்தனை வருடத்தில் இல்லாத புதுப்பழக்கம். வழியில் எங்கேயோ குடித்துவிட்டு வாடை தெரியாமல் இருக்கக் குளிக்கிறார் என்று எண்ணி, பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். சோப்பு வாடைதான் வந்தது.

"நீ இருக்க வரைக்கும் இந்த ஜில்லாவுல போலீஸ் நாய்க்கு வேலை இருக்காது" என்றார்.

"அப்ப எதுக்கு அங்கன குளிச்சிட்டு வாரீக?"

"தீவாளி சீசன் நேரம். வேர்வை ஊத்துது."

வேர்வை போன வருடமும்தான் ஊற்றியது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு கள்ளனைப் பிடிப்போம் என்று அதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்தது. கொழுந்தன் இறங்கி, தெளிப்பானைத் தண்ணீரில் அமுக்கி நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு நேராகக் கிழக்குக் கரைக்குப் போனார். கைப்பிடியை ஆட்டி ஆட்டிக் குவியலின் மேல் அடிக்க ஆரம்பித்தார். நான் அரிவாளோடு வெளியே வந்தேன். அரிவாள் கையில் இருந்தது அவர் பின்வாங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எம்புட்டு நாளா நடக்கு இது? சினை மாட்டுக்கு விஷம் வைக்கிறீகளே, நீங்கல்லாம் சோறு திங்கிறீகளா?"

அவர் குழாயைத் தன் பக்கம் திருப்பி, முகத்தில் நன்றாக அடித்துக்கொண்டார். வாயைத் திறந்து உள்ளேயும் அடித்து, கொப்பளித்துத் துப்பினார்.

"தண்ணி, மதினி. வெறும் தண்ணி. டேங்கும் புதுசு. இன்னும் களைக்கொல்லியே பார்க்கலை."

காய்ந்த சருகுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன். குரலை இறக்கவில்லை. யாருக்குத் தெரியும், இதிலும் ஏதாவது இருக்கலாம்.

"பஞ்சு பறக்குது மதினி. ஒரு பொறி போதும். குடத்துல ஊத்துனா இன்னும் கிளம்பிப் பறக்கும், அதான் பூந்தூறலா அடிக்கிறேன். வேலியோரம் கிடந்ததைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். என்னால முடிஞ்சது அம்புட்டுத்தான்."

"அதை எங்கிட்ட வந்து சொன்னா என்ன? ஆபீஸ்காரக பாத்துக்கிட மாட்டாகளா?"

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். மற்ற ரூம்களை விட்டு ஒதுக்கி, எங்கள் கரைக்கு நேர் எதிரே ஒரு ரூம். வெடிமருந்து கலக்கிற ரூம். அதை எப்போதுமே தனியாகத்தான் வைப்பார்கள்.

"அதுக்குள்ள அண்ணன்தான் இருக்கு. ஆடி பிறந்ததுல இருந்து. உங்களுக்குத் தெரியாதா மதினி?"

எனக்குத் தெரியாது. மண்ணை மோந்தேன், மனுசனை மோந்தேன், இது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அந்த ரூமின் வாசலில் கிடந்த பஞ்சு இங்கிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. நான் அறுத்த கோரையின் பஞ்சு. கரையிலேயே உட்கார்ந்தேன். அவர் மிச்சத் தண்ணீரையும் அடித்துவிட்டு, டேங்கை நான் கேட்காமலே என்னருகில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் தலை ஈரத்தோடு வந்தார். சோறு போட்டேன்.

"இன்னைக்கு எந்த ரூமு?"

"பேக்கிங்தான். எதுக்குக் கேக்க?"

"காதுக்குப் பின்னாடி சரியாத் தேய்க்கலை. சாம்பலாட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கு."

பிசைந்த கை நின்றுவிட்டது. "அதுல கூலி கூட. சொன்னா நீ விட மாட்ட" என்றார். விட மாட்டேன் என்று தெரிந்துதான் சொல்லாமல் போயிருக்கிறார். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. மத்தியானம் நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் பெயரை எடுத்தாலே எழுந்து போகிறவர், இந்தத் தடவை போகவில்லை.

"தெனமுமா வந்தான்?" என்று மட்டும் கேட்டார்.

"தெனமும்."

கை கழுவிவிட்டு வந்து, "கைத்தெளிப்பான்ல வாசர் சீக்கிரம் போயிரும். பாத்து மாத்திக்கிடச் சொல்லு" என்றார். தம்பிக்கு அண்ணன் சொல்லி அனுப்பிய நல்ல வார்த்தை, பாகம் பிரித்த பிறகு அதுதான் முதல்.

மறுநாள் காலையிலேயே அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் குவியலை நனைத்து, தண்ணீர் ஓரச் சேற்றில் பாய் விரித்த மாதிரி கனமாகப் பரப்பி, காலால் மிதித்து அமுக்கினோம். குவியலின் அடியில் கிடந்த புல்தான் வெளிச்சம் இல்லாமல் மஞ்சளாகியிருக்கிறது. அதே மாதிரி, கரையில் புதிதாக முளைக்கிற கோரையும் இதன் அடியிலேயே செத்துப்போகும். அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, கொழுந்தன் களைக்கொல்லிப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தாலும் எடுப்பார். டேங்கைத் திருப்பிக் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

சீசன் முடிந்ததும் பழையபடி பேக்கிங்குக்கு வந்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் மத்தியானம் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கரை முழுக்க நனைக்கிறேன். மாடு மறுபடியும் துறையில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறது. முன்பெல்லாம் அது குடித்து முடிக்கும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது அது குடித்துவிட்டுக் கரையேறியது கூடத் தெரியாமல், அந்த ரூமின் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.