பதினொன்றில் எழுந்தவர்

எங்கள் தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவரை எல்லோரும் "பழைய பேப்பர்" என்றே கூப்பிடுவோம். அவருக்கு அது ஆகாது. சொந்த மைத்துனரே வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "என்ன, பழைய பேப்பர் வந்துட்டாரா?" என்றுதான் அக்காவிடம் விசாரிப்பார். அந்தப் பெயரைத் தொலைக்கவே மனிதர் நாற்பது வயதுக்கு மேல் குத்துச்சண்டையில் இறங்கினார். வியாபாரிகள் சங்கப் போட்டியில் ஜெயித்தால் தெருவே "பாக்ஸர்" என்று கூப்பிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கில் அவர் புலி. அவர் தராசில் பதினொரு கிலோ பேப்பர் வைத்தால்தான் முள் பத்தைத் தொடும். எங்களுக்குச் சந்தேகம் இருந்தது, அவ்வளவுதான். உண்மை அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

கடைக்குப் பின்னால் ஒரு சாக்கில் பேப்பரைத் திணித்துத் தொங்கவிட்டார். நாங்கள் படித்து முடித்த தலையங்கங்கள் எல்லாம் குத்து வாங்கின. சிலவற்றுக்கு அது தேவைதான். கட்டுக் கட்டும் கயிறுதான் ஸ்கிப்பிங். பயிற்சி முடிந்ததும் தராசில் ஏறி நிற்பார். அறுபது கிலோ பிரிவில் பெயர் கொடுத்திருந்தார். அதில் எதிராளி வாட்ச் ரிப்பேர்காரர், ஊதினால் பறந்துவிடுவார். முள்ளும் சரியாக அறுபதில் நிற்கும்.

"வேற எங்கயாவது ஏறிப் பாருங்களேன்," என்றாராம் மனைவி.

"நம்ம தராசை நாமளே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

வருகிறவர்களிடம் எல்லாம் சத்தியம் செய்து செய்து, கடைசியில் அவரே நம்பிவிட்டார்.

போட்டியன்று சங்கத்தின் எடை மெஷின் அறுபத்தாறு காட்டியது.

"என்னங்க இது? எடையே பாக்கலையா?" என்றார் சங்கச் செயலாளர்.

பின்னால் தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தோம். "என் தராசு தப்பு" என்று சொன்னால் உடம்பு தப்பும், கடை போகும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல மனிதர் வாயே திறக்கவில்லை. அடுத்த பிரிவில் தள்ளினார்கள். அங்கே இருந்தவர் ஐஸ் ஆலையில் கட்டி தூக்குகிறவர்.

மணி அடித்ததும் நம்மவர் மரியாதைக்கு மேடையை ஒருமுறை சுற்றி வந்தார். அப்புறம் ஒரே குத்து. மல்லாந்து விழுந்தார். நடுவர் குனிந்து எண்ணத் தொடங்கினார். எட்டில் கால் அசைந்தது. ஒன்பதில் முழங்கையை ஊன்றினார்.

"பத்து!"

முன்வரிசையில் இருந்த மனைவி அழுதுகொண்டே எழுந்து கத்தினார்: "ஐயா, முடிச்சிடாதீங்க! இன்னும் ஒண்ணு எண்ணுங்க! எங்க கடையில பதினொண்ணு இருந்தாத்தான் பத்து!"

இத்தனை வருஷமாக நான் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்த பேப்பர் எல்லாம் கண்முன் வந்து போயிற்று. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமயம் பார்த்து மனிதர் தள்ளாடி எழுந்து, கையுறைகளை உயர்த்தி, சண்டைக்குத் தயாராக நின்றார். சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுவாரமே கடைக்குப் புதுத் தராசு வந்துவிட்டது. மைத்துனரும் இப்போது பழைய பேப்பர் என்று கூப்பிடுவதில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பதினொண்ணு வந்துட்டாரா?" என்கிறார்.