சக்கரத்துக்கு அடியில் ஒரு செருப்பு

“வண்டி வாங்கறது பெரிசில்ல கண்ணு. டயரு தேஞ்சா என்ன பண்ணுவ? அப்ப எங்கிட்டத்தான வந்து நிக்கோணும்?”

மூன்று சக்கர ஸ்கூட்டர் எனக்குக் கிடைத்த அன்று என் தாய்மாமா சொன்னது இது. நாமக்கல்லில் அரசு கொடுத்த வண்டியை அவருடைய மினி லாரியில் ஏற்றித்தான் கொல்லிமலைக்குக் கொண்டுவந்தோம். மலையில் குண்டூர் நாடு என்று சொல்லும் எங்கள் பகுதியில், வீட்டு முன்னால் இறக்கிவிட்டு, பின் டயரைக் கால் நுனியால் தட்டி இதைச் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என்ன ஆனாலும் டயருக்காக இவரிடம் போய் நிற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே வலது காலில் பலம் கிடையாது. என் வண்டி சாதாரண ஸ்கூட்டர்தான். சாய்ந்து விழாமல் இருக்க, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் ஒவ்வொன்று வைத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரம் வரும். ஆனாலும் எல்லோருக்கும் அது மூணு சக்கர வண்டிதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். செம்மேட்டில் ஒரு கணினி மையத்தில் வேலை கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் வருஷத்தில் பாதிக்கு மேல் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் வீட்டில் நான் மட்டும்தான். பஸ் நிற்கும் இடம் வரை நடக்க என் காலால் ஆகாது. வண்டி ஓடினால்தான் வேலை. அப்பா கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வண்டியால் ஒரு சங்கடம் வந்தாலும் வேலையை விட்டுவிட்டு மாமா வீட்டில் போய் இருந்துகொள்ள வேண்டும். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

படித்தவள் என்பதால் அக்கம்பக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு, பட்டா, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம், எதுவானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். “படிச்சுச் சொல்லு சாமி” என்பார்கள். படித்துச் சொல்வேன். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு யோசனை வரும். எனக்குத் தெரியாத ஒன்றை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்பது? இந்தத் தனிமை வெளியில் சொல்கிற மாதிரியானது இல்லை. பெருமைக்கு அடியிலேயே அது உட்கார்ந்திருக்கும்.

போன வருஷம் ஐப்பசியில் பின் டயர் தேய்ந்துவிட்டது. மலைப் பாதையில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, நடுவில் பட்டன் பட்டனாக எழும்பியிருந்த ரப்பர் எல்லாம் போய் உள்ளங்கை மாதிரி வழுவழுவென்று ஆகியிருந்தது. ஒரு மழைக் காலையில் செம்மேடு போகும் இறக்கத்தில் வண்டி தானாகவே இரண்டடி வழுக்கி நின்றது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

போனில் தேட ஆரம்பித்தேன். மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்குப் பின் டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தேடினால், வெளிநாட்டுக்காரர்களின் பெரிய வண்டிகள் வந்தன. முன்னால் ஒன்று, பின்னால் காரைப் போல இரண்டு சக்கரம். எந்த டயர் நல்லது என்று அவர்கள் அங்கே கட்சி பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். என் வண்டி போல ஒரு வண்டி அங்கே எங்குமே இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் புரிந்தது. திருப்பத்தில் சாயாத வண்டிக்கு, சைக்கிள் டயர் போல நடு உருண்ட டயரை விடத் தட்டையான டயர் நல்லது. இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். டயர் பெரிதாக இருந்தால் ரோட்டைப் பிடிப்பதும் அதிகமாக இருக்குமாம். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

நாமக்கல் லாரி ஊர். என் உயரத்துக்கு மேல் டயர்கள் அடுக்கி வைத்திருக்கும் கடைகளைத் தாண்டி, ஒரு சின்னக் கடையில் வண்டியை நிறுத்தினேன். தேய்ந்த டயரோடு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் மெல்ல மெல்ல இறங்கி வந்திருந்தேன். அந்தத் தைரியம் வேறு தலையில் ஏறியிருந்தது. கடைக்காரர் பழைய டயரில் இருந்த எண்ணைப் பார்த்து அதே அளவில் ஒன்றை எடுத்தார். நான் தாளை விரித்தேன். தட்டையான பட்டன் வேண்டும், ஒரு அளவு பெரிதாக வேண்டும் என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பட்டன் நான் கேட்டது போலவே இருக்கட்டும், அளவு மட்டும் பழையதே போதும், பக்கத்துச் சக்கரங்களும் இருக்கிறதே என்றார். அவர் சொல்லி முடிக்கவே நான் விடவில்லை.

“நான் எல்லாம் படிச்சுட்டுத்தாங்க வந்திருக்கேன்” என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், என் காலையும் பார்த்தார். நான் கேட்டதையே மாட்டிக் கொடுத்தார். எங்கும் உரசவில்லை. ஊருக்குள் வண்டி கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. புது டயர், பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அடிவாரத்தில் காரவள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டு மலை ஏறத் தொடங்கும்போது, மாமாவிடம் என்ன சொல்லிக் காட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

முதல் பத்து வளைவுகளில் எனக்குத் திகிலே வந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி திடீரென்று ஒரு பக்கம் விழும், சின்னச் சக்கரம் தரையில் மோதும், அங்கே நின்று கொள்ளும். நேராக வந்ததும் மறு பக்கம் விழும். தூறல் வேறு. பனி இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்க்கலாம்தான். ஆனால் நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்ப்பது எனக்கு எளிதான காரியம் இல்லை. காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால்தான் அடியில் பார்க்க முடியும். நடு ரோட்டில் அப்படி உட்கார எனக்கு வெட்கம். பின்னால் ஒரு பிக்கப் வண்டி வருவதும் தெரிந்தது. அதற்கு வழி விடவும் எனக்கு மனசில்லை.

முப்பதைத் தாண்டி ஒரு வளைவு. வலது பக்கம் ஒடித்தேன். வண்டி பள்ளத்துப் பக்கம் தூக்கிப் போட்டது. பயத்தில் ஹேண்டிலை இழுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, வண்டி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உறுமிக்கொண்டிருந்தது, நான் ரோட்டில் கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பனி மட்டும்தான் தெரிந்தது. முழங்கையில் தோல் உரிந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. வேலை போயிற்று, இனி மாமா வீடுதான் என்று அந்த ஈர ரோட்டில் கிடந்தபடியே நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

பிக்கப் நின்றது. பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகும் கிழங்கும் விற்றுவிட்டுத் திரும்பும் ஆட்கள். டிரைவரும் மூன்று பெண்களும் இறங்கி ஓடி வந்தார்கள். அவர்களில் நல்ல கனத்த உடம்புள்ள ஓர் அக்கா என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்.

“ரெண்டு மூணு வளைவாப் பாத்துக்கிட்டே வாரோம் கண்ணு. உன் வண்டி கள்ளுக் குடிச்ச மாதிரியில்ல ஆடுது?”

புது டயர் என்றேன். படித்துப் பார்த்து வாங்கியது என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த நேரத்திலும் அதை விட முடியவில்லை. டிரைவர் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்தார். அந்த அக்கா தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் நுழைத்தார். செருப்பு எங்கேயும் தட்டாமல் அந்தப் பக்கமாக வெளியே வந்துவிட்டது. மறு பக்கமும் அப்படியே.

“இது தரையிலயே படல சாமி. அடுப்புல ஒரு கல்லு ஒசந்துட்டா சட்டி நிக்குமா?”

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முகம் எரிந்தது. நடுச் சக்கரம் உயர்ந்தால் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். இதற்குப் படிப்பே வேண்டாம். மூன்று நாள் போனைக் குனிந்து பார்த்த நான் வண்டியை ஒரு முறை குனிந்து பார்க்கவில்லை. கடைக்காரர் சொல்ல வந்ததும் இதுதான்.

வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிவிடலாம் என்றார் டிரைவர். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் அவர் பின்வாங்கிவிட்டார். இன்னொருவர் வண்டியில் ஏற்றி அந்த ஸ்கூட்டர் இரண்டாவது தடவை என் வீட்டு முன்னால் இறங்கக் கூடாது. அந்த அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, நடுச் சக்கரம் தாழட்டும் என்று பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார். பிறகு கூடையைக் கூட வந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி அமுங்கியது. டிரைவர் செருப்பை நுழைத்துப் பார்த்தார். இந்தத் தடவை அது சிக்கிக்கொண்டது.

“என் கனத்துக்கு இன்னிக்குத்தான் ஒரு வேலை வந்திருக்குது. ஓட்டு சாமி” என்றார்.

மீதி வளைவுகளை நடக்கிற வேகத்தில் ஏறினோம். பிக்கப் எங்களை முந்தாமல் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது. வண்டி வந்த மூன்று வருஷத்தில் என் பின் சீட்டில் பையைத் தவிர வேறு எதுவும் உட்கார்ந்ததில்லை. என் தோளில் ஒரு கை இருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்காரர் கூடத் தன்னை இப்படி ஒரு நாளும் வண்டியில் கூட்டிப் போனதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு திருப்பத்தில் கேட்டேன். “பயமா இருக்குதுங்களா அக்கா?”

“இருக்காதா பின்ன? உனக்கு?”

“எனக்கும் இருக்குதுங்க.”

அவ்வளவுதான் பேசினோம். ஆனால் யாரிடமாவது இப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கண் மங்கியது. தூறல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் ஓட்டினேன்.

சோளக்காட்டில் அவர் இறங்க வேண்டும். நான் இன்னும் போக வேண்டும். பிக்கப்பிலிருந்து, சந்தையில் விற்காமல் மிஞ்சிய அரை மூட்டை மரவள்ளிக் கிழங்கை இறக்கி, பின் சீட்டில் இறுக்கிக் கட்டினார். தனக்குப் பதிலாக இது உட்கார்ந்து வரும் என்றார். நான் நன்றி சொல்லத் தொடங்குவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். போய்விட்டார்கள். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அந்த மூட்டையோடு தனியாக வீடு வந்து சேர்ந்தேன். ஒரு வாரத்துக்குக் கிழங்குதான் சாப்பிட்டேன். ஒருத்திக்கு அது மிக அதிகம். வாழ்க்கையில் முதல் முறையாகப் பக்கத்து வீட்டுக்கு நானாகப் போய், கிழங்கு வேண்டுமா என்று கேட்டேன்.

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்து, நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் குத்திக் காட்டவில்லை. தட்டையான பட்டனோடு பழைய அளவிலேயே ஒரு டயரை மலைக்கு வரும் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். செம்மேட்டுப் பஞ்சர் கடையில் அதை மாட்டும்போது நானும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். யார் யாரோ பார்த்தார்கள். என் செருப்பை நானே நுழைத்துப் பார்த்தேன். சிக்கியது.

அப்பாவிடம் போனில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இப்போது வண்டி ஆடுகிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வேலையை விடச் சொல்லவில்லை. மாமாவுக்கும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவும் செய்தார். ஆனால் அடுத்த முறை வந்தபோது டயரைக் காலால் தட்டவில்லை. குனிந்து பார்த்தார்.

சந்தை நாட்களில் மலை இறங்கும் பிக்கப் வண்டிகளை இப்போதும் உற்றுப் பார்க்கிறேன். அந்த அக்கா இதுவரை கண்ணில் படவில்லை. அவர் கற்றுக் கொடுக்க வரவில்லை, துணைக்குத்தான் வந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் நம் பின் சீட்டில் ஒருவர் ஏறி உட்கார இடம் கிடைக்கிறது என்பது மட்டும் எனக்கு நிலைத்துவிட்டது. போன மாதம் ஒரு விடுமுறை நாளில், மூன்று சக்கர ஸ்கூட்டருக்குப் பின் டயர் வாங்குவது எப்படி என்று தமிழில் எழுதி இணையத்தில் போட்டேன். என்னைப் போல இன்னொருத்தி தேடினால் அவளுக்கு முதலில் கிடைக்கும் வரி இது: “வாங்குவதற்கு முன்னால் தரையில் உட்காருங்கள், வெட்கப்படாதீர்கள், பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் ஒரு செருப்பை நுழைத்துப் பாருங்கள்.”